மிக்ஸிக்கு 750 வாட், கிரைண்டருக்கு 150 வாட்: கரண்ட் சுழற்சியாக மாறும் இடத்தில் என்ன நடக்கிறது?

#1 அடுப்படி_வாசி

ஒரே பிளக் பாயிண்ட்தான். மிக்ஸியைப் போட்டால் காதைப் பிளக்கிறது, இரண்டு நிமிடத்தில் அடிப்பாகம் சூடாகிவிடுகிறது. கிரைண்டரைப் போட்டால் அரை மணி நேரம் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்தால் மிக்ஸிக்கு 750 வாட், கிரைண்டருக்கு 150 வாட். ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அவ்வளவு கனமான கல்லை எப்படி உருட்டுகிறது? ஃபிரிட்ஜ் இன்னொரு மாதிரி முனகுகிறது. மூன்றிலும் இருப்பது மோட்டார்தானே?

உள்ளே என்ன வேறுபாடு, எது எதனால் பழுதாகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கணக்கு வந்தாலும் பரவாயில்லை.

#2 செம்புச்சுருள்

அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பியில் கரண்ட் ஓடினால் கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும். 1821-இல் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, காந்தத்தைச் சுற்றி அதை ஓடவிட்டுக் காட்டியதும் இந்த விசையைத்தான். புலத்தைக் கூட்டினாலும், கரண்டைக் கூட்டினாலும், புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளத்தைக் கூட்டினாலும் தள்ளு கூடும். அந்தத் தள்ளு ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி விழுவதால் அது முறுக்குவிசையாகிறது.

உங்கள் குழப்பம் வாட்டில் இருக்கிறது. வாட் = முறுக்குவிசை × வேகம். 750 வாட் இழுக்கும் மிக்ஸி மோட்டாரில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஷாஃப்ட்டுக்கு வரும், மிச்சம் சூடாகவும் காற்றாகவும் சத்தமாகவும் போய்விடும். ஷாஃப்ட்டில் 400 வாட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் விநாடிக்கு 300 சுற்று, அதாவது 1,885 ரேடியன் (ரேடியன் கோண அளவு, ஒரு சுற்றுக்கு 6.28). 400 ÷ 1,885 = 0.21 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ ஸ்பேனரின் முனையில் 210 கிராம் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அவ்வளவுதான்.

கிரைண்டர் பக்கம் வாருங்கள். 150 வாட்டில் 85 வாட் ஷாஃப்ட்டுக்கு வருகிறது, வேகம் 1,440 சுற்று (151 ரேடியன்). 85 ÷ 151 = 0.56 நியூட்டன் மீட்டர். அதைப் பெல்ட்டும் புல்லியும் பத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் பாத்திரம் நிமிடத்துக்கு 144 சுற்று சுற்றும், முறுக்கு 5.6 ஆகும். பெல்ட் விழுங்குவது போக 5 என்று வைத்தாலும் மிக்ஸியைப் போல ஏறத்தாழ 24 மடங்கு.

மிக்ஸி வேகத்தால் வெட்டுகிறது. 3 செ.மீ ஆரமுள்ள பிளேடின் நுனி அந்தச் சுழற்சியில் விநாடிக்கு 56 மீட்டர் ஓடும், மணிக்கு 200 கி.மீ. கிரைண்டர் அழுத்தி நசுக்குகிறது, அதற்கு வேகம் தேவையே இல்லை. வாட்டை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

#3 கார்பன்_பிரஷ்

மேலே கணக்கு வந்துவிட்டது, நான் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

மிக்ஸி, ஜூஸர், ஹேண்ட் பிளெண்டர், ஃபுட் பிராசஸர் பெரும்பாலானவற்றில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். ஓரத்தில் நிலையாக இரண்டு ஃபீல்ட் காயில். நடுவில் சுழலும் ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை மைக்கா இடைவெளி விட்டு அடுக்கிய கம்யூட்டேட்டர். அதன் இரு பக்கமும் ஸ்பிரிங் தள்ளி நிற்கும் கார்பன் பிரஷ். கரண்ட் ஒரு ஃபீல்ட் காயில் வழியாகப் போய், பிரஷ், ஆர்மேச்சர், அடுத்த பிரஷ், இன்னொரு ஃபீல்ட் காயில் என்று ஒரே வரிசையில் ஓடுகிறது. எல்லாம் சீரீஸ். ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

ஸ்பீடு 1, 2, 3 என்று வைத்திருக்கும் மிக்ஸிகளில் அந்தத் திருகு சுவிட்ச் பெரும்பாலும் ஃபீல்ட் காயிலின் டேப்பைத்தான், அதாவது காயிலின் நடுவிலிருந்து எடுத்த இணைப்பைத்தான் மாற்றுகிறது. 1-இல் முழுக் காயிலும் வேலை செய்யும், 3-இல் சுற்றுகள் குறையும். புலம் குறைந்தால் வேகம் கூடும். காயில் குறைந்தால் வேகமா என்று தோன்றும், இந்த மோட்டாரில் அப்படித்தான். சில ஹேண்ட் பிளெண்டரில் குறைந்த வேகத்துக்கு ஒரே ஒரு டயோடு போட்டு அரை அலையை வெட்டிவிடுவார்கள். நுணுக்கமாக வேகம் மாற்றும் சாதனங்களில் டிரையாக் (அலையின் ஒரு பகுதியை மட்டும் விடும் மின்னணு சுவிட்ச்) இருக்கும்.

சத்தத்துக்கும் காரணம் இங்கேயே. அடியில் ஷாஃப்ட்டோடு சுற்றும் குளிர்விக்கும் விசிறி ஒன்று. கம்யூட்டேட்டரில் 24 பட்டை இருந்து விநாடிக்கு 300 சுற்று சுற்றினால், பிரஷ்ஷுக்கடியில் விநாடிக்கு 7,200 பட்டைகள் உரசிப் போகின்றன. அந்தக் கீச்சு அதுதான்.

#4 அடுப்படி_வாசி

நன்றி. இரண்டு சந்தேகம். ஏ.சி. கரண்ட் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறதே, மிக்ஸி ஏன் முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே பக்கம் சுற்றுகிறது? பிளக்கைத் திருப்பிச் செருகினால் எதிர்ப்பக்கம் சுற்றுமா?

#5 செம்புச்சுருள்

ஃபீல்டும் ஆர்மேச்சரும் சீரீஸில் இருப்பதால் இரண்டிலும் கரண்ட் ஒரே நேரத்தில் திசை மாறும். புலமும் திரும்புகிறது, கம்பியின் கரண்டும் திரும்புகிறது. தள்ளு திரும்பாது. டி.சி. கொடுத்தாலும் ஓடும் என்பதால்தான் யுனிவர்சல் என்ற பெயர். ஆனால் ஏ.சி.யில் தள்ளு சீராக வராது, 50 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 துடிப்பாக வரும். ஆர்மேச்சரின் எடையே அதைச் சமன் செய்துவிடும்.

பிளக்கைத் திருப்பினால் ஒன்றும் ஆகாது, அதே காரணம். திசையை மாற்ற ஃபீல்டுக்கும் ஆர்மேச்சருக்கும் உள்ள இணைப்பில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) முடித்துக் கூட்டும்போது ஃபீல்ட் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பிரஷ்ஷில் தீப்பொறி அதிகமாகும், பிளேடின் கூர்ப்பக்கம் பின்னால் போகும், கப்ளர் (மோட்டார் ஷாஃப்ட்டின் மேல்முனையில் ஜாரைப் பிடித்துச் சுற்றும் பாகம்) தானாகக் கழன்று வரும். "சரி செய்து வந்ததிலிருந்து அரைக்கவே மாட்டேன் என்கிறது" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கப்ளரின் மரை எப்போதும், ஓடும்போது இறுகும் பக்கமாகத்தான் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே கழற்ற வேண்டுமானால் ஆர்மேச்சரை அடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுற்றும் திசையிலேயே கப்ளரைத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கிக் கப்ளரை உடைப்பதுதான் அதிகம்.

#6 கார்பன்_பிரஷ்

சூடாவதைப் பற்றிக் கேட்டிருந்தார். அதை விரிவாகவே சொல்ல வேண்டும், மிக்ஸி சாவதில் பெரும்பகுதி இதில்தான்.

ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொள்ளும். வேகம் கூடினால் அதுவும் கூடும், கரண்டை அதுதான் அடக்கி வைக்கிறது. ஜாரில் கலவை கெட்டியாக இருந்து வேகம் விழுந்தால் எதிர் வோல்டேஜும் விழும், கரண்ட் ஏறும். பிளேடு சிக்கி நின்றேவிட்டால் எதிர் வோல்டேஜ் பூஜ்யம், காயிலைத் தவிரத் தடுக்க ஆளில்லை. 750 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சாதாரணமாக மூன்றேகால் ஆம்பியர் இழுக்கும். நின்றால் அதைப் போலப் பல மடங்கு.

காயிலில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப வரும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதில் இன்னொரு கொடுமை, குளிர்விக்கும் விசிறி அதே ஷாஃப்ட்டில் இருக்கிறது. வேகம் குறையக் குறைய சூடு ஏறுகிறது, காற்றும் குறைகிறது. ஆகவே கெட்டியான சுமையை 1-ஆம் ஸ்பீடில் நீண்ட நேரம் திணறவிடுவது 3-இல் ஓட்டுவதைவிட மோசம். குறைந்த வேகம் மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள்.

ஜாரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கெட்டியாகச் சிக்கினால் உடனே நிறுத்திக் கரண்டியால் கிளறி, கொஞ்சம் நீர் விட்டுப் பிறகு ஓட்டுங்கள். விட்டு விட்டு ஓட்டுவதற்கென்று பெயர்ப்பலகையில் எத்தனை நிமிடம் ஓட்டம், எத்தனை நிமிடம் ஓய்வு என்று போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை, காயிலின் வெப்ப வரம்பு அது.

அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் ஓவர்லோட் சுவிட்ச். உள்ளே இரட்டை உலோகத் தகடு, கரண்ட் அதன் வழியாகவே போகும். அதிகமானால் வளைந்து இணைப்பைப் பிரிக்கும். அது விழுந்தால் திருகு சுவிட்சை 0-க்குக் கொண்டுவந்து, ஜாரைக் காலி செய்து, ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் அழுத்த வேண்டும். விழ விழ அழுத்திக்கொண்டே இருந்தால் தகடு காப்பாற்றும், காயிலின் வார்னிஷ் காப்பாற்றாது.

#7 செம்புச்சுருள்

காயில் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு, தெர்மாமீட்டர் வேண்டாம். செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும். குளிர்ந்த நிலையில் அறை வெப்பம் 30 டிகிரி, ஃபீல்ட் காயிலின் தடை 8.0 ஓம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டி நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கியதும் அளந்தால் 10.0 ஓம் காட்டுகிறது. 10.0 ÷ 8.0 = 1.25. அதை (234.5 + 30) ஆல் பெருக்கி 234.5 கழித்தால் 96 டிகிரி (234.5 என்பது செம்புக்கான மாறிலி). காயில் முழுவதற்குமான சராசரி இது, உள்ளே மையத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும். இ வகுப்பு இன்சுலேஷன் 120 டிகிரி, பி 130, எஃப் 155 வரை தாங்கும். வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது ரீவைண்டிங்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு.

#8 சும்மா_சுத்துது

ரொம்ப நீட்டி முழக்குகிறீர்கள் 🙂 மிக்ஸியில் தீப்பொறி வந்தால் பிரஷ் மாற்று, சுற்றவே இல்லை என்றால் பிரஷ் மாற்று. 90 சதவீதம் இதோடு முடிந்துவிடும்.

#9 கார்பன்_பிரஷ்

சும்மா_சுத்துது ப்ரோ, சுற்றவே இல்லை என்றால் பிரஷ்ஷைப் பார்ப்பது சரி. தீப்பொறிக்கு அப்படிச் சொல்ல முடியாது, எந்தத் தீப்பொறி என்று பார்க்க வேண்டும்.

பிரஷ்ஷின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னதாக நீலப் பொறி, பிரஷ்ஷை விட்டு நகரவில்லை: அது இயல்பு. பட்டை பிரஷ்ஷை விட்டு விலகும் கணத்தில் காயிலில் இருக்கும் கரண்ட் திசை மாறியாக வேண்டும், முழுதாக மாறாத மிச்சம் பொறியாகப் போகிறது.

மஞ்சளாக, கொத்தாகச் சிதறினால் பிரஷ் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கம்யூட்டேட்டர் அழுக்கு. பிரஷ் 5, 6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே. கூட்டில் தடையில்லாமல் வழுக்க வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. பெரிதாக இருக்கிறதே என்று தேய்த்துப் போடும்போது கோணலாகத் தேய்த்தால் அது கூட்டில் இறுகி நிற்கும், நாலு நாளில் பழைய கதை.

கம்யூட்டேட்டரை 400 அல்லது 600 நம்பர் மென்மையான சாண்ட் பேப்பரால் மட்டும் துடைக்க வேண்டும். எமரி பேப்பர் கூடாது, அதன் துகள் பட்டைக்கு இடையில் சிக்கினால் ஷார்ட் ஆகும். பிறகு பட்டை இடுக்குகளில் படிந்த கார்பன் தூளைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். மைக்கா செம்பின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே எழும்பி நின்றால் பிரஷ் துள்ளும். புதுப் பிரஷ் போட்டதும் சுமை இல்லாமல் 1-ஆம் ஸ்பீடில் விட்டு விட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள், முகம் வளைவுக்கு ஏற்ப உட்காரட்டும்.

மூன்றாவது வகை: தீ கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு வளையமாக ஓடுகிறது. இதற்குப் பிரஷ் மாற்றுவது வீண் செலவு. ஆர்மேச்சருக்குள் ஒரு காயில் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட். நிறுத்திப் பார்த்தால் ஏதோ இரண்டு பட்டைக்கு நடுவே மட்டும் ஓரம் கருகித் தின்றுபோயிருக்கும். அந்த இடம்தான்.

#10 செம்புச்சுருள்

அதை உறுதி செய்ய சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு போதாது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைக்கு இடையில் தடை மிகக் குறைவு, வித்தியாசம் தெரியாது. எதிரெதிர் பட்டைகளில் ஒரு சிறிய டி.சி. சப்ளையிலிருந்து அரை ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் விடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அடுத்தடுத்த பட்டைகளை அளந்துகொண்டே போங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் அந்தக் காயில் ஷார்ட். ஒரு பாதி முழுக்கப் பூஜ்யம் காட்டி, ஒரே ஒரு ஜோடியில் மட்டும் மொத்த வோல்டேஜும் நின்றால் அங்கே அறுந்திருக்கிறது.

கூடவே மெக்கரில் (இன்சுலேஷனை உயர் வோல்டேஜில் சோதிக்கும் மீட்டர்) 500 வோல்ட் வைத்துப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே என்றால் அதை மறுபடி பிளக்கில் செருக வேண்டாம். ஈரம் புகுந்ததாக இருந்தால் உலர்த்திய பின் ஏறும், ஏறாவிட்டால் ரீவைண்டிங்.

#11 சும்மா_சுத்துது

ஈரம் எங்கிருந்து மோட்டாருக்குள் வரும்? ஜார்தான் மூடியிருக்கிறதே.

#12 கார்பன்_பிரஷ்

ஜாரின் அடிப் புஷ் வழியாக. பிளேடு ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷும் அதன் சீலும் தேய்ந்தால் நீர் சொட்டுச் சொட்டாகக் கப்ளர் மேல் விழும், அது ஷாஃப்ட் வழியே இறங்கி மேல் பேரிங்கில் சேரும். எண்ணெய் கழுவப்பட்டு, உப்பும் புளிப்பும் சேர்ந்து துரு பிடித்து, ஷாஃப்ட் இறுகும். மோட்டாருக்கு அதுவும் ஒரு சுமைதான், ஜார் இல்லாமலே சூடாகும்.

சோதிப்பது எளிது. ஜாரில் பாதி நீர் ஊற்றி ஒரு வெள்ளைத் தாள் மேல் பத்து நிமிடம் வையுங்கள். தாளில் கறுப்பு வட்டம் விழுந்தால் புஷ் போய்விட்டது. பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கையில் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலும் அதே முடிவு. ஜாரின் புஷ்ஷை மாற்றுவது சின்ன வேலை, ஆர்மேச்சரை மாற்றுவது அப்படி இல்லை.

மோட்டார் பேரிங் புஷ் வகையாக இருந்தால் அதைச் சுற்றி ஃபெல்ட் வளையம் இருக்கும், மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு சொட்டு போதும். நல்லது என்று ஊற்றினால் அது வழிந்து கம்யூட்டேட்டரில் கார்பன் தூளோடு குழைந்து பசையாகும். பிறகு தீப்பொறிக்குப் புதுக் காரணம்.

#13 சுழல்_புலம்

மிக்ஸிக்கே இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது. கிரைண்டர், எக்ஸாஸ்ட் ஃபேன், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் இவற்றில் பிரஷ்ஷே கிடையாது. இண்டக்‌ஷன் மோட்டார், டெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்ற வகை. வெளியே ஸ்டேட்டர் காயில், நடுவில் ரோட்டார். ரோட்டாருக்கு வயர் எதுவும் போகாது. அலுமினியக் கம்பிகளை இரண்டு முனையிலும் வளையத்தால் இணைத்த கூண்டு, நடுவே இரும்புத் தகடுகள். ஸ்டேட்டரின் புலம் சுழலும்போது கூண்டில் கரண்ட் தானாகத் தூண்டப்படும், அந்தக் கரண்டை அதே புலம் தள்ளும்.

வேகத்தைத் தீர்மானிப்பது சப்ளையின் ஹெர்ட்ஸும் துருவங்களின் எண்ணிக்கையும். 120 × ஹெர்ட்ஸ் ÷ துருவம். 50 ஹெர்ட்ஸ், 4 துருவம்: 1,500. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1,800. ரோட்டார் அந்த வேகத்தை எட்டவே எட்டாது. எட்டினால் கூண்டுக்கும் புலத்துக்கும் வேக வித்தியாசம் இருக்காது, கரண்ட் தூண்டப்படாது, தள்ளும் இருக்காது. அதனால் 1,440 போல ஓடும். சுமை ஏறினால் கொஞ்சம் பின்தங்கும், கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். மிக்ஸிபோல வேகம் சரியாது. 2 துருவத்தில் 3,000-ஐத் தாண்டவும் வழியில்லை, ஆகவே மிக்ஸிக்கு இது ஆகாது.

வீட்டு சப்ளை சிங்கிள் ஃபேஸ். ஒரே காயிலின் புலம் சுழலாது, அதே இடத்தில் கூடிக் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டாரை அது ஓட்டும், நிற்கிற ரோட்டாரைக் கிளப்பாது. அதற்காக இரண்டாவது காயில் ஒன்றைத் தள்ளிவைத்து, அதன் கரண்டைக் கெபாசிட்டர் வழியாக முன்தள்ளுகிறார்கள். இரண்டு கரண்டும் ஏறத்தாழ 90 டிகிரி விலகி நின்றால் புலம் சுழலத் தொடங்கும்.

இதிலிருந்து பழுதைப் படித்துவிடலாம். சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று முனகுகிறது, சுற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ் காய்ந்திருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. இலகுவாகச் சுற்றினால் கெபாசிட்டரைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனாக இருந்தால் மரக்குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே ஓடும், இடமானாலும் வலமானாலும். அப்படி ஓடினால் மெயின் காயில் நலம். கெபாசிட்டரோ இரண்டாவது காயிலோ போயிருக்கிறது. விரலை விடாதீர்கள்.

கெபாசிட்டரைத் தொடும் முன் ஒரு 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு முனையிலும் சில விநாடி வைத்து இறக்கிவிடுங்கள். பிறகு மைக்ரோஃபாரட் அளக்கலாம். மேலே எழுதியிருப்பதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றலாம். மதிப்பு அதே இருக்க வேண்டும், வோல்டேஜ் அதே அல்லது அதற்கு மேல். பலம் வரட்டும் என்று பெரிய மைக்ரோஃபாரட் போட்டால் இரண்டாவது காயில் வேகும்.

வோல்டேஜ் விழுந்தால் இந்த வகைக்குத்தான் ஆபத்து. முறுக்கு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும், 10 சதவீதம் குறைந்தால் முறுக்கு 81 சதவீதம். யுனிவர்சல் மோட்டார் மெதுவாக ஓடித் தப்பிக்கும். இது வேகத்தை விடாமல் கரண்டைக் கூட்டி இழுக்கும்.

#14 அடுப்படி_வாசி

ஃபிரிட்ஜை நிறுத்தியதும் உடனே போடக்கூடாது என்கிறார்களே, அது எதற்கு? வெறும் நம்பிக்கையா?

#15 சுழல்_புலம்

நம்பிக்கை இல்லை, இரண்டு திடமான காரணம் உண்டு.

கம்ப்ரஸரில் மோட்டாரும் பிஸ்டனும் ஒரே உருக்கு ஓட்டுக்குள் எண்ணெயிலும் வாயுவிலும் கிடக்கின்றன. ரோட்டாரின் ஷாஃப்ட்டில் ஒரு கிராங்க், அதிலிருந்து கனெக்டிங் ராடு, பிஸ்டன். சுழற்சி அங்கே முன்பின் இயக்கமாகிறது. நின்றதும் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு. மெல்லிய கேப்பிலரிக் குழாய் வழியே இரண்டும் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதற்குள் கிளப்பினால் பிஸ்டன் அழுத்தத்தை எதிர்த்து நகராது.

இரண்டாவது காரணம் ஸ்டார்ட்டிங் ரிலே. பலவற்றில் அது பி.டி.சி. வில்லை, அதாவது சூடேறினால் தடை ஏறும் வில்லை. குளிர்ந்திருக்கும்போது தடை சில பத்து ஓம், ஸ்டார்ட் காயிலுக்குக் கரண்டை விடும். ஒரு விநாடிக்குள் சூடேறித் தடை பல ஆயிரம் ஓமாகி அந்தக் காயிலைக் கழற்றிவிடும். ஃபிரிட்ஜ் ஓடும் வரை அது சூடாகவே இருக்கும். நிறுத்திய உடனே போட்டால் வில்லை இன்னும் சூடு, ஸ்டார்ட் காயிலுக்குக் கரண்ட் போகாது. மோட்டார் நின்றபடி ஐந்தாறு மடங்கு இழுக்கும், ஓவர்லோட் "டிக்" என்று வெட்டும், ஆறி மறுபடி "டிக்". ஐந்து நிமிடம் பொறுத்தால் இரண்டும் தீர்ந்துவிடும்.

டிக் டிக் நிற்கவே இல்லை என்றால் கம்ப்ரஸரின் மூன்று பின்களையும் அளங்கள். மூன்று ஜோடியில் மிக அதிகத் தடை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும், உதாரணமாக 12, 20, 32 ஓம். கூட்டல் சரியாக வந்து, ஓட்டுக்கும் பின்னுக்கும் தொடர்பு இல்லாவிட்டால் காயில் பெரும்பாலும் நலம். ரிலேயைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே உடைந்த வில்லை கலகலக்கும்.

#16 சும்மா_சுத்துது

இவ்வளவு தொல்லைக்கு எல்லாவற்றையும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஆக்கிவிட்டால் போதாதா?

#17 செம்புச்சுருள்

இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜில் ஏற்கெனவே கிட்டத்தட்ட அதுதான். ஏ.சி.யை டி.சி.யாக்கி, ஆறு டிரான்சிஸ்டர்கள் மூன்று ஃபேஸாக வெட்டிக் கொடுக்க, ரோட்டாரில் நிலைக்காந்தம். வேகத்தை வீட்டு சப்ளையின் ஹெர்ட்ஸ் கட்டுப்படுத்தாது. மெல்லக் கிளம்புவதால் கரண்ட் எகிறாது, தேவைக்கு ஏற்ப மெதுவாக நெடுநேரம் ஓடும். நாள் முழுக்க ஓடும் சாதனத்துக்கு இது நியாயம். நாளுக்குச் சில நிமிடம் ஓடும் மிக்ஸியில் மின்சாரச் சேமிப்பு பெயரளவுக்குத்தான், கிடைப்பது பிரஷ் இல்லாத நிம்மதியும் குறைந்த சத்தமும். பழுதாகும் இடம் காயிலிலிருந்து போர்டுக்கு மாறும். பிரஷ்ஷை யாரும் மாற்றலாம், போர்டை அப்படி மாற்ற முடியாது.

#18 பல்சக்கரம்

மோட்டாருக்குப் பிறகு வரும் பாகங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹேண்ட் மிக்சரை எடுங்கள், இரண்டு அடிப்பான்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். உள்ளே ஒரே ஷாஃப்ட், அதன் முனையில் திருகுபோல வெட்டிய வார்ம். அதன் இரு பக்கமும் இரண்டு நைலான் பல்சக்கரம். நடுத்திருகு ஒன்று, தொடும் பக்கம் இரண்டு, அதனால் எதிரெதிர்ச் சுழற்சி இலவசமாகக் கிடைக்கிறது. வேகமும் பல மடங்கு குறைந்து முறுக்கு ஏறுகிறது.

திறந்து கிரீஸ் போட்டு மூடும்போது ஒரு கவனம். அடிப்பான்களின் இறக்கைகள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து வர வேண்டும். நாலு இறக்கை என்றால் ஒன்றுக்கொன்று 45 டிகிரி விலகி நிற்கும்படி சக்கரங்களைப் பொருத்துங்கள். ஒரு பல் தப்பினாலும் சில மாடலில் உரசும். மூடும் முன் அடிப்பான்களைச் செருகிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

ஸ்டாண்ட் மிக்சரில் உலோகச் சக்கரங்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் நைலானிலோ மென்மையான உலோகத்திலோ வைத்திருப்பார்கள். கஞ்சத்தனம் என்று திட்டுவார்கள், அது வேண்டுமென்றே வைத்த பலவீனம். சுமை மீறினால் அது பல் உதிர்த்து மோட்டாரைக் காக்கும். மிக்ஸியின் கப்ளரும் அப்படியே. உருக்கில் கப்ளர் செய்து போட்டால் அடுத்து உடைவது பிளேடு ஷாஃப்ட், அல்லது எரிவது ஆர்மேச்சர்.

#19 அடுப்படி_வாசி

மைக்ரோவேவில் தட்டு ஒரு தடவை வலமாகவும் அடுத்த தடவை இடமாகவும் சுற்றுகிறது. இதுவும் கெபாசிட்டர் பழுதா?

#20 சுழல்_புலம்

இல்லை, அது பழுதே இல்லை. தட்டுக்கடியில் இருப்பது மூன்று நான்கு வாட் சின்க்ரனஸ் மோட்டார். ரோட்டாரில் நிலைக்காந்தம், சப்ளையின் துடிப்போடு பூட்டிக்கொண்டு ஓடும், பல்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றாகக் குறைக்கும். போடும் கணத்தில் அலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கிளம்பும். தட்டுக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான், அதனால் திசையைக் கட்டுப்படுத்தச் செலவு செய்வதில்லை.

டிஷ்வாஷரின் வடிகால் பம்ப் பலவற்றிலும் இதே குணம். அதன் இம்பெல்லர் இறக்கைகள் வளைவில்லாமல் நேராக இருப்பதைப் பாருங்கள், எந்தப் பக்கம் சுற்றினாலும் நீரைத் தள்ள வேண்டும் என்பதற்காக. கையால் திருப்பினால் இம்பெல்லர் கொஞ்சம் தூரம் தளர்வாக ஆடி, பிறகு விட்டு விட்டு இழுக்கும். உடைந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ரோட்டார் வெறுமனே கிளம்பி வேகம் பிடித்த பிறகு இறக்கையைத் தட்டி இழுக்கத்தான் அந்தத் தளர்வு. விட்டு விட்டு இழுப்பது காந்தம்.

மைக்ரோவேவின் உள்விசிறி பெரும்பாலும் ஷேடட் போல் வகை. துருவத்தின் ஒரு மூலையில் தடித்த செம்பு வளையம், அந்த மூலையில் புலம் தாமதமாக ஏறும், ரோட்டார் வளையம் இருக்கும் பக்கம் நோக்கிச் சுற்றும். கெபாசிட்டர் வேண்டாம், ஆனால் இழுப்பதில் பெரும்பகுதி சூடாகவே போகும்.

#21 பல்சக்கரம்

சுழற்சி இல்லாமலும் இயக்கம் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஷ்வாஷரில் நீர் வரும் வால்வு சோலனாய்டு: சில ஆயிரம் ஓம் காயில், நடுவே ஸ்பிரிங் தாங்கும் இரும்பு ஊசி. கரண்ட் வந்தால் ஊசி மேலெழுந்து சின்னத் துளையைத் திறக்கும், மிச்ச வேலையைக் குழாயின் நீரழுத்தமே செய்யும். அதனால் குழாயில் அழுத்தம் குறைந்தால் காயில் சரியாக இருந்தும் வால்வு ஒழுங்காகத் திறக்காது, மூடாது. சோப்புப் பெட்டியின் மூடியைத் திறப்பது சில மாடலில் மெழுகு மோட்டார். சின்ன ஹீட்டர் மெழுகை உருக்க, அது விரிந்து ஊசியைத் தள்ளும். அழுத்தமாகத் தள்ளும், ஆனால் ஒரு நிமிடம் பக்கம் எடுத்துக்கொள்ளும். பிளக்கில் செருகியதும் திறக்கவில்லையே என்று உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

#22 கார்பன்_பிரஷ்

மேலே மைக்ரோவேவ் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. மிக்ஸி, ஃபேன் போல நினைத்து அதன் கவரைத் திறக்காதீர்கள். உள்ளே உயர் வோல்டேஜ் கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டும் அதற்கு மேலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கக்கூடும். தட்டு மோட்டார் மட்டும் போயிருந்தால் சில மாடலில் அடித்தகட்டிலேயே அதற்கு ஒரு தனி மூடி வெட்டிவைத்திருப்பார்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த மூடி வழியாக மட்டும் மாற்றலாம். வாங்கும்போது பழைய மோட்டாரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். வெளியில் ஒரே மாதிரி இருக்கும், 21 வோல்ட் ஒன்று, 230 வோல்ட் ஒன்று என்று இரண்டு வகையும் கிடைக்கும்.